வேகம் கூட்டிய கம்ப்யூட்டர்

"கம்ப்யூட்டர்ல எத்தனை ஃபேன் வெச்சாலும் சூடு இறங்க மாட்டேங்குது மேடம்" என்றார் தணிகாசலம்.

நிலோபர் அவருடைய ஆசிரியை. வயதில் அவரைவிட ரொம்ப இளையவர். திருச்சியில் கம்ப்யூட்டரைப் பிரிக்கவும் மாட்டவும் வகுப்பு நடத்தினார். தணிகாசலம் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தார். பிராசஸரின் வேகத்தை, அது வந்த அளவுக்கு மேலே ஏற்றுவது எப்படி என்று நிலோபர் சொல்லித்தந்தார். அன்றோடு தணிகாசலம் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

இப்போது மறுபடி வந்து நிற்கிறார்.

"வேகத்தை ஏத்தினதும் சோதிச்சுப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். பிரமாதமா ஓடுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"எங்க வெச்சு?"

"என் ரூம்ல. ஏ.சி. போட்டு."

"வேலை நடக்கிறது எங்க?"

"எடிட்டிங் ரூம்ல."

"வாங்க, போய்ப் பாப்போம்."

எடிட்டிங் அறை சின்னது. வெளிச்சத்தம் வரக்கூடாதென்று ஜன்னலைப் பலகையால் அடைத்திருந்தார்கள். மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி, கம்ப்யூட்டர். புதிதாகப் பொருத்திய விசிறிகள் எல்லாம் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன.

தணிகாசலம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார்.

நிலோபர் வாங்கவில்லை.

"இதுல வேலை பாக்குறது யாரு?"

"ஒரு பொண்ணு இருந்துச்சு. போயிருச்சு. நீங்க சூட்டைப் பாருங்க மேடம்."

"அப்ப நீங்க உக்காருங்க. வேலை பாருங்க."

"நானா?"

நிலோபர் போய்க் கதவைச் சாத்தினார்.

தணிகாசலம் உட்கார்ந்தார். ஒரு கல்யாணத்தின் முகூர்த்தக் காட்சியைத் திறந்து வெட்டி ஒட்டத் தொடங்கினார். முதலில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. தாலி கட்டுகிற இடத்துக்கு வந்தபோது திரை இருண்டது.

அதுவரை செய்த வேலை போயிற்று.

தணிகாசலம் சட்டென்று திரும்பினார்.

"நான் ஒண்ணும் பண்ணலை மேடம். அதுவா நின்னுருச்சு."

"நான் உங்களை ஒண்ணும் கேக்கலையே சார்."

தணிகாசலம் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திரும்ப ஆன் பண்ணுங்க" என்றார் நிலோபர்.

தணிகாசலம் மறுபடி முதலிலிருந்து செய்தார். மறுபடி நின்றது.

இந்த முறை அவர் திரும்பவில்லை. இருண்ட திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன சார்?"

"எமல்டா."

"ஏன் போனாங்க?"

தணிகாசலம் மவுஸைத் தள்ளி வைத்தார்.

"கல்யாண வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருந்தாங்க. வீடியோ ரெடியாகலை. திரும்பத் திரும்ப நின்னு போச்சுன்னு சொல்லுச்சு. எனக்கு மானம் போற மாதிரி ஆயிருச்சு. இதுக்கு வேலையே தெரியாது, தொட்டதையெல்லாம் கெடுக்குதுன்னு அவங்க முன்னாலயே சொல்லிட்டேன்."

"எமல்டா என்ன சொன்னாங்க?"

"பையை எடுத்துட்டுக் கிளம்பிருச்சு."

நிலோபர் கையை நீட்டினார். தணிகாசலம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார்.

நிலோபர் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தித் திறந்து, உள்ளே அடைந்திருந்த தூசியைத் துடைத்தார். சூட்டைக் கடத்துவதற்காகப் பூசிக் காய்ந்துபோன பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிராசஸரின் மேல் புதிதாகத் தடவினார். ஏற்றி வைத்திருந்த மின்னழுத்தத்தையும் வேகத்தையும் இறக்கினார். பிறகு, கதவைச் சாத்தியபடியே, மாலை வரை அதை முழுமூச்சாக ஓடவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். எண் ஒரு இடத்துக்கு மேல் ஏறவில்லை.

"இனிமே நிக்காது சார்."

"வேகம்?"

"வாங்கினப்ப என்ன இருந்துச்சோ அதான்."

தணிகாசலம் தலையாட்டினார்.

"எமல்டாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிரவா மேடம்?"

நிலோபர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஃபோன்லயா அவங்களைத் திட்டுனீங்க?"

மறுநாள் காலை தணிகாசலம் எமல்டாவைத் தேடிப் போனார். அவள் இன்னொரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே முன்னறையில் ஆல்பம் பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள். முதலாளி இருந்தார். எமல்டா இவரைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றாள். அதைப் பார்க்க அவருக்கு என்னவோ போலிருந்தது.

வெளியே கூப்பிட்டுப் பேசலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிடவில்லை.

"உன்மேல தப்பில்லம்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "மெஷின் வேகத்தை நான்தான் ஏத்தி வெச்சிருந்தேன். சூடு தாங்காம அது நின்னு நின்னு போயிருக்கு. பழியை உன்மேல போட்டேன். என்னை மன்னிச்சிரு."

ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தெரியும் சார்" என்றாள் எமல்டா. "மேசைக்கு அடியில காலே வைக்க முடியாது. அப்படிச் சுடும்."

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரியுமா? தெரிஞ்சிருந்தா அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

எமல்டா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னேன் சார்."