மந்தாரப்பேட்டையில் மீனுக்கு வைத்தியம்

சொன்ன பேச்சைக் கேட்காத வேலையாட்களால் நொந்துபோன முதலாளிகள் ஊருக்கு ஊர் உண்டு. மந்தாரப்பேட்டைப் பல் டாக்டர் அம்புஜவல்லிக்கு அந்தக் குறையே கிடையாது. அவருடைய ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று பேரும் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்வார்கள். அவருக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

மூவரில் மூத்தவர் கம்பவுண்டர் வைத்தியலிங்கம். பெயரிலேயே வைத்தியம் இருந்ததால் அவரைப் பெரிய அறிவாளி என்று மற்ற இரண்டு பேரும் நம்பினார்கள். அவரும் நம்பினார். சீட்டு எழுதுகிறவள் புஷ்பலீலா. வாசலுக்குக் காவல் அய்யாக்கண்ணு.

டாக்டரம்மா ஒரு வாரம் டெல்லிக்குப் புறப்பட்டார். கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். உள்ளே ஐந்து தங்கமீன்கள். பல் பிடுங்க வருகிற பிள்ளைகள் அலறாமல் உட்கார்ந்திருப்பதே அந்த மீன்களின் புண்ணியத்தில்தான்.

"கண்ணை இமைக்காமப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

சாயங்காலத்துக்குள் அய்யாக்கண்ணுவின் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகிவிட்டன. ஆனாலும் பலன் இல்லாமல் போகவில்லை. மறுநாள் மீன்களின் மேல் வெள்ளைப் புள்ளிகளை முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான்.

"ரவை தூவின மாதிரி இருக்கே," என்றாள் புஷ்பலீலா.

"உப்புமா கிண்டப் போறாங்களோ?" என்றான் அய்யாக்கண்ணு.

வைத்தியலிங்கம் தொட்டியின் மேல் குனிந்து பார்த்தார். ஒரு மீன் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று ஒருக்களித்து மிதந்தது. இதுகளுக்கு ஒன்று ஆகிவிட்டால் டாக்டரம்மா முகத்தில் எப்படி விழிப்பது? செருப்புக்கூடப் போடாமல் வண்ணமீன் கடை ஜமால் பாயிடம் ஓடினார்.

பாய் ஒரு நீல மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். "நல்லாக் கேட்டுக்குங்க. ஃபில்டர்ல கரி இருக்கும், அதை எடுத்துடணும். இல்லேன்னா மருந்தையெல்லாம் அது குடிச்சிடும். கால்வாசித் தண்ணிய மாத்தணும். பத்து லிட்டருக்கு ஒரு சொட்டு. ஃபில்டர் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும். மூணு நாள் பட்டினி. அவ்வளவுதான்."

வழியெல்லாம் இதையே மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார் வைத்தியலிங்கம்.

ஆஸ்பத்திரியில் ஃபில்டர் என்றால் ஒன்றுதான்: சமையல் மேடையில் இருந்த பித்தளைக் காபி ஃபில்டர். மீன்தொட்டி மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருந்த டப்பாவுக்கு அங்கே வேறு பெயர். அதை எல்லோரும் 'வாய் கொப்பளிக்கிற டப்பா' என்பார்கள்.

காபி ஃபில்டரைத் திறந்தார்கள். உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது.

"கரிதான்," என்றார் வைத்தியலிங்கம்.

"காபிப்பொடி வாசனை அடிக்குதேண்ணே?" என்றாள் புஷ்பலீலா.

"உசந்த கரின்னா அப்படித்தாம்மா இருக்கும்."

கரியைச் சுரண்டிச் செடிக்குப் போட்டார்கள். அடுத்தது தண்ணீர் மாற்றுவது. தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு பக்கத்து இஸ்திரிக் கடைக்குக் கொண்டுபோனார் வைத்தியலிங்கம். அங்கே கொடுத்துவிட்டு, அவர்கள் வாளியிலிருந்து ஒரு வாளி வாங்கிக்கொண்டார். கொடுத்ததும் வாங்கியதும் ஒரே அளவா என்று விரல் வைத்துப் பார்க்கவும் மறக்கவில்லை. பிறகு மருந்தை எண்ணி ஆறு சொட்டு விட்டார். அறுபது லிட்டர் தொட்டிக்கு அது சரியான கணக்கு. அந்த வாரம் அங்கே சரியாக நடந்த ஒரே காரியம் அதுதான். தண்ணீர் நீலமாயிற்று.

"இனி ஃபில்டர் ஓடணும்," என்றார்.

அய்யாக்கண்ணு ஃபில்டரைத் தூக்கி அடியில் பார்த்தான். "கம்பவுண்டரய்யா, இதுக்குக் கால் இல்லீங்களே."

வைத்தியலிங்கம் வெகுநேரம் யோசித்தார். "உனக்கு இருக்குல்ல?"

அய்யாக்கண்ணு ஃபில்டரை மார்போடு அணைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஓடினான். அவனுக்கு மூச்சு வாங்கினால் புஷ்பலீலா வாங்கிக்கொண்டு ஓடுவாள். அவளுக்குப் பிறகு வைத்தியலிங்கம். மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கும்போதுதான் பட்டினி ஞாபகம் வந்தது.

"பட்டினி யாருக்குண்ணே? மீனுக்கா, நமக்கா?"

"மீனுக்குன்னு பாய் சொல்லலியே. என் முகத்தைப் பாத்துத்தான் சொன்னாரு."

மூவரும் கேரியரை மூடினார்கள். மீன்களுக்கு வேளை தவறாமல் தீனி போட்டுவிட்டு, பசியில் காதடைக்க ஓடினார்கள்.

மறுநாள் காலையில் தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்து கிடந்தது. நீலத்தைக் காணோம். புள்ளிகளோ இன்னும் கூடியிருந்தன.

"மருந்தை யாரோ குடிச்சிருக்காங்க!" என்றார் வைத்தியலிங்கம். "எல்லாரும் நாக்கை நீட்டுங்க."

பல் ஆஸ்பத்திரி ஆனதால் விளக்குக்கும் கண்ணாடிக்கும் பஞ்சமில்லை. நாற்காலியில் படுக்க வைத்துப் பார்த்ததில் அய்யாக்கண்ணுவின் நாக்கு நல்ல ஊதா.

"அடப்பாவி! மருந்தையா குடிச்சே?"

"சத்தியமா இல்லீங்கய்யா," என்று அவன் விசும்பினான். "பசி தாங்கல. நாவப்பழம் தின்னேன். ரெண்டு கூறு."

வைத்தியலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மருந்து ஏன் கேக்கலைன்னு இப்பல்ல தெரியுது. ஐயோ, பத்தியத்தை முறிச்சிட்டியேடா!"

மீன்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஜமால் பாய் வந்தது அந்த நேரத்தில்தான். காபி ஃபில்டரைக் கட்டிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி ஓடிய புஷ்பலீலாவைப் பார்த்தார். விவரம் கேட்டார். கேட்டு முடித்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து, கொப்பளிக்கிற டப்பாவுக்குள்ளிருந்த கரிப் பொட்டலத்தை உருவி எறிந்தார். தண்ணீரை மாற்றி, மருந்தை விட்டு, பின்வாசல் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இனிமே தெனம் நானே வந்து பாத்துக்கறேன். நாலு நாளைக்கு நீங்க மூணு பேரும் ஒண்ணுமே பண்ணாதீங்க!"

பண்ணவில்லை. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது, ஓட்டவில்லை. தினமும் மீனுக்கு மருந்து விட வந்த பாய், அப்படியே இவர்கள் மூன்று பேருக்கும் இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

நாலாம் நாள் காலை மீன்களின் மேல் ஒரு புள்ளி இல்லை. ஐந்தும் தொட்டிக்குள் துள்ளி விளையாடின. அதைப் பார்த்து வைத்தியலிங்கத்தின் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

ஒரு நாள் முன்னதாகவே ஊர் திரும்பிய டாக்டரம்மா அப்போது முன்கதவைத் தட்டினார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. பெட்டியோடு ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் சிலையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னய்யா பண்றீங்க உள்ள?"

"ஒண்ணும் பண்ணலம்மா!" என்றார்கள் மூவரும் பெருமையோடு, ஒரே குரலில்.

"அப்ப வந்து கதவைத் திறங்க!"

புஷ்பலீலாவின் முகம் வெளிறியது.

"அண்ணே, இப்ப பதில் சொன்னோமே. அது பண்ணினதுல சேருமா?"

வைத்தியலிங்கம் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். பெருமூச்சு விட்டார்.

"சேரும்மா," என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. இன்னிலேர்ந்து மறுபடியும் நாலு நாள். வெள்ளிக்கிழமை வாங்க," என்றார்.

சொல்லி முடித்ததும்தான் தானும் பேசிவிட்டது அவருக்கு உறைத்தது.

"சனிக்கிழமை," என்று திருத்தினார்.