ஒத்தை ஆப்பிள் மரம்

தலையை இப்படி வை. காலை ஆட்டாத. அத்தை கதை சொல்றப்ப 'ம்' கொட்டணும், 'ம்' வரலைன்னா நிறுத்திருவேன். சரியா?

மேல்மலையில, ஒரு ஊர்ல ஒரு அப்பாவும் மகளும் இருந்தாங்க. அவன் பேரு சடையாண்டி. மக பேரு செவ்வந்தி, அம்மா இல்லாத புள்ள. உன்னை மாதிரிதான், யாரு எது கேட்டாலும் 'ம்'னு ஒரே பதில். சாப்பிட்டியா? ம். தலை சீவுனியா? ம். சீவிருக்கவே மாட்டா!

அப்புறம், வீட்டுக்குப் பின்னாடி ஒரு மரம் வைக்கணும்னு சடையாண்டி நர்சரிக்குப் போனான். அங்க மரக்கன்னு விக்கிறவ பேச்சியக்கா.

"ஒரு மரத்துக்குத்தான் இடமா? அப்போ பிளம்ஸ் கொண்டு போ தம்பி. இந்த ரகம் தனியா நின்னாலும் காய்க்கும்"னா.

"எனக்கு ஆப்பிள்தான் வேணும்."

"அப்போ இந்தச் சின்ன ஆப்பிள் எடுத்துக்க. இதுக்கும் துணை வேண்டாம்."

இவன் கண்ணு எதுமேல? பெருசா, செக்கச்செவேல்னு பழுக்குற ரகத்து மேல. பேச்சியக்கா அவன் கையைத் தட்டிவிட்டா. "அதை ஒத்தையா வைக்காத. அது பூக்குறப்பவே பூக்குற வேற ரகம் பக்கத்துல நிக்கணும், தேனீ அங்கயும் இங்கயும் போய் வரணும். துணை இல்லைன்னா அது காய்க்காது. கூப்பிடும்."

"மரத்துக்குப் பொண்ணு பார்த்துக் கல்யாணமா பண்ணி வைக்கிறது?"ன்னு சிரிச்சுட்டு, அந்த ஒத்தைக் கன்னைத் தூக்கிட்டு வந்துட்டான். திமிரு!

எங்க, 'ம்' வரல? ஆங்.

மரம் வளந்துச்சு. ஒரு வருஷம் குப்புனு பூத்துச்சு, இலையே தெரியல. அன்னைக்குப் பொழுது சாயிற நேரம், மூடுபனி இறங்குது. காத்தே இல்ல, கிளை மட்டும் கிரீச்... கிரீச்... அப்போ மரத்துக்குள்ள இருந்து ஒரு குரல். "யாராச்சும் இருக்கீங்களா?"

கட்டிக்கிடந்த ஆடு "ம்மே"ன்னுச்சு. விடிஞ்சு பாத்தா கயிறு கிடக்கு, ஆட்டைக் காணோம். அது நின்ன இடத்துல கொம்பு மாதிரி ரெண்டு கிளையோட ஒரு குச்சி மரம். அதுல பூ இல்ல, துணைக்கு ஆகல, அதனால ஆப்பிள் மரமும் காய்க்கல.

அடுத்த தடவை பூத்தப்பவும் கூப்பிட்டுச்சு. சேவல் "கொக்கரக்கோ"ன்னுச்சு. விடிஞ்சா சேவல் இல்ல. கொண்டை மாதிரி சிவப்புத் துளிரோட இன்னொரு குச்சி. அப்பவாச்சும் சடையாண்டிக்குப் புத்தி வந்துச்சா? நரி தூக்கிட்டுப் போயிருக்கும்னான்.

டங்குனு கேட்டுச்சுல்ல? ஒண்ணுமில்ல, வெளியில காத்து. படு.

மூணாவது தடவை மரம் வெவரமாயிருச்சு. செத்துப்போன அம்மா குரலை எடுத்துச்சு. "செவ்வந்தி... இருக்கியா கண்ணு?"

அவ என்ன சொல்லிருப்பா?

"ம்."

சடையாண்டி ஓடி வந்து பாக்குறான், மக மரத்துக்குப் பக்கத்துல நிக்குறா. "வா வீட்டுக்கு"ன்னு இழுக்குறான், கால் வரல. விரலெல்லாம் மண்ணுக்குள்ள. தலைமுடியில பொடிப்பொடியா மொட்டு. "அம்மா விடமாட்டேங்குறாங்கப்பா"ன்னா.

அவன் தடதடன்னு ஓடிப் பேச்சியக்கா கால்ல விழுந்தான். அவ திட்டுனா, நல்லாத் திட்டுனா. அப்புறம், இவன் வேண்டாம்னு தள்ளுன ரகத்துல அவ தோட்டத்துல ஒரு மரம் நின்னுச்சு, அந்தச் சின்ன ஆப்பிள், அதுல பூத்த கிளையா ஒடிச்சா. தண்ணிக் குடத்துல சொருகிக் குடுத்தா. "உன் மரத்துல கட்டித் தொங்கவிடு. தேனீ வர்ற வெளிச்சம் இருக்கணும், ஓடு!"

ஓடிவந்து கட்டுனான். ஒரு தேனீயும் வரல. வெளிச்சம் போகுது. புள்ளைக்கு முழங்கால் வரைக்கும் மரப்பட்டை ஏறிருச்சு. கத்துறா, குரல்கூட கிரீச்சுங்குது. அப்போ... ஙொய்ங்ங்... ஒரே ஒரு தேனீ. குடத்துப் பூவுல உக்காந்துச்சு. எந்திரிச்சுச்சு. மரத்துப் பூவுல போய் உக்காந்துச்சு.

மரம் கப்சிப். காலைச் சுத்தி மண்ணு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. மகளை அள்ளித் தூக்கிட்டு வந்துட்டான், பாவி, அழுதுகிட்டே. ஆடும் சேவலும் திரும்பி வரல. செவ்வந்தி கிழவியான பிறகும், ஆப்பிள் பூக்குற மாசம் தலை சீவுனா சீப்புல ஒரு மொட்டு வருமாம்.

அதனாலதான் நம்ம ஊர்ல ஒத்தை ஆப்பிள் வச்சவங்க பூக்குற மாசம் பூக்குடம் கட்டுறது. நம்ம மரத்துலயும் சாயங்காலம் கட்டுனேனே, நீதான பூ எடுத்துக் குடுத்த...

இரு. அப்போ அந்த டங்கு, குடம் விழுந்த சத்தமா?

நான் போய்க் குடத்தைத் தூக்கிக் கட்டிட்டு வர்றேன். கதை முடிஞ்சு கூடு சேந்துருச்சு, நீ கண்ணை மூடு. இனிமே 'ம்' கொட்டாத, தெரிஞ்சுதா? தலையை மட்டும் ஆட்டு. ஆங்.

ஏய், ஜன்னல் பக்கம் திரும்பாத. இப்ப உன் பேரைச் சொன்னது அத்தை இல்ல. வாயைப் பொத்திக்க சாமி, தூங்கு.