மாலை யாருக்கு?

பைபாஸ் ரோட்டைக் கடக்க ஒரு சிக்னல் வேண்டும் என்று பூக்கடை அஞ்சுகம் கேட்கப் போனபோது கவுன்சிலர் மகுடபதி சிரித்தார். "கண்ணத் தொறந்து நடந்தா போதும்மா. இதுக்கெல்லாம் சிக்னலா?"

மறுவாரம் அவருக்குப் பாராட்டு விழா. மேடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். விழாக்காரர்கள் கட்டச் சொன்ன ஆளுயர மாலை இந்தப் பக்கம், அஞ்சுகம் கடையில். நடுவில் பஸ்ஸும் லாரியும் விடாமல் பறந்தன. கூட்டம் பொறுமையிழந்து நெளிந்தது. மகுடபதி போனில் கத்தினார்: "மாலை எங்கம்மா?"

"ரெடியா இருக்குங்க. என்னாலதான் கடக்க முடியல. நீங்க கண்ணத் தொறந்து நடக்கறவரு, வந்து வாங்கிக்குங்க."

கோபத்தோடு மேடையை விட்டு இறங்கினார். ரோட்டில் கால் வைத்ததும் பஸ் ஹாரன் அலறியது, பின்னால் தாவினார். மறுபடி வைத்தார், ஓர் ஆட்டோ வேட்டியை உரசிக்கொண்டு போனது. முகம் வெளுத்துவிட்டது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரைப் பார்த்து, "யோவ், வண்டிய நிறுத்துய்யா!" என்றார்.

போலீஸ்காரர் நடுரோட்டில் நின்று கை காட்டினார். வண்டிகள் நின்றன. வெகுநேரமாகக் காத்திருந்த பள்ளிப் பிள்ளைகளோடும் ஒரு கர்ப்பிணியோடும் அஞ்சுகம் கடந்து வந்தாள். வந்தவள் மாலையைப் போலீஸ்காரர் கழுத்தில் போட்டாள்.

"ஏய், அது எனக்கு!"

"எங்களக் கடக்க வெச்சவரு இவருதானுங்களே!"

கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. மகுடபதி ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார். கைதட்டல் அடங்குவதற்குள், இங்கே சிக்னல் வருகிறது என்று அறிவித்தும்விட்டார்.