ரெண்டு பருத்திக்குப் பொறந்த விதை

முன்னொரு காலத்துல, கரிசக்காட்டு ஊரு ஒண்ணுல, மாடத்தி மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் கொம்பையா. பருத்திதான் அவங்க பொழப்பு. ஆனா பாருங்க பிள்ளைகளா, அந்தச் சீமையில இருந்ததே ரெண்டு பருத்தி. ஒண்ணு செடி கொள்ளாமக் காய்க்கும், பஞ்சு முரடு, நூத்தா இழை அறுந்துபோகும். இன்னொண்ணு பஞ்சு பட்டாட்டம் இருக்கும், செடிக்கு நாலு காய்தான். எதைப் போட்டாலும் அரை வயித்துக் கஞ்சிதான்.

"ரெண்டுக்கும் கல்யாணம் கட்டி வைப்போமா மாடத்தி?"ன்னான் கொம்பையா.

சரின்னுட்டு, சாயங்காலம் மொட்டைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற மகரந்தப் பையை மட்டும் நகத்தால கிள்ளி எடுத்து, துணி சுத்திவச்சு, காலையில மத்த பருத்திப் பூவைக் கொண்டாந்து தடவுனாங்க. அதுல விளைஞ்ச விதையப் போட்டா, செடி நெறையக் காயி, காய் நெறையப் பட்டுப் பஞ்சு!

ஊரு நாட்டாமை வீரபாகு ஓடி வந்தான். "அந்த விதையக் குடு. ராசாகிட்டக் குடுத்துப் பேரு வாங்குறேன்"ன்னான்.

"இது நிலைக்காது சாமி. ஒரு வயித்துப் பிள்ளைகளே ஒண்ணுபோலவா இருக்கு? இதோட விதையப் போட்டா ஒண்ணு ஆத்தா மாதிரி, ஒண்ணு அப்பன் மாதிரி முளைக்கும். நல்லதாப் பொறுக்கிப் பொறுக்கி ஏழு வருசம் போடணும்"ன்னா மாடத்தி.

மூணு தடவை கேட்டான், மூணு தடவையும் அதையே சொன்னா. நாலாம் தடவை அடியாளோட வந்தான். கொம்பையா வாசல்ல குறுக்க நின்னான். கம்பால மண்டையில போட்டுட்டு, விதையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மூணாம் நாள் கொம்பையா அவ மடியிலயே கண்ண மூடிட்டான். என்னத்தச் சொல்ல...

'நான் செஞ்ச விதை'ன்னு வீரபாகு கொண்டுபோய்க் குடுக்க, ராசா நாடு முழுக்க அதைப் போட்டாரு. செடி வந்துச்சு. ஒண்ணு முரடு, ஒண்ணு மலடு, ஒண்ணு ரெண்டுங்கெட்டான். ஊரெல்லாம் பசி.

"அந்த மாடத்தி பொய் விதை குடுத்துட்டா மகாராசா!"ன்னான் வீரபாகு.

அவளை இழுத்துட்டு வந்தாங்க. அவ அழுகல. "இந்த நாட்டாமை செஞ்ச விதைன்னுதானே மகாராசா வாங்குனீங்க? எப்படிச் செஞ்சாருன்னு இந்த மொட்டுல செஞ்சு காட்டச் சொல்லுங்க"ன்னா.

வீரபாகு மொட்டைப் பிடிச்சான், கசங்கிப்போச்சு. இன்னொண்ணு, அதுவும் போச்சு. மூணாவது காம்போட கையில வந்துருச்சு. மாடத்தி நடந்ததைச் சொல்லச் சொல்ல, ராசாவுக்கு எல்லாம் விளங்கிப்போச்சு. அவன் நிலத்தையெல்லாம் பசிச்ச சனத்துக்குப் பிரிச்சுக் குடுத்து, அவனைச் சாகுமட்டும் ஊரார் காட்டுல பருத்தி எடுக்க விட்டாரு.

"உனக்கு என்ன வேணும் தாயீ?"ன்னாரு.

"எம் புருசனைத் தருவீங்களா?"

ராசா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

மாடத்தி வீட்டுக்கு வந்து, அடியாளுங்க கண்ணுல படாமப் பானையில மிச்சமிருந்த கைப்பிடி விதையப் போட்டா. ஒத்தையா நின்னு ஏழு வருசம் பொறுக்குனா. ஏழாம் வருசம் காடு முழுக்க ஒரே சாதி, காயும் நெறைய, பஞ்சும் பட்டு. வீட்டுக்கு ஒரு படி விதை குடுத்தா. மொத பஞ்சை நூத்து நெசவுக்காரர்கிட்டக் கொண்டுபோனா.

"பிரமாதமான நூலு! யாருக்கும்மா வேட்டி?"ன்னு கேட்டாரு அவரு.

கொம்பையா கண்ண மூடுன அந்த மடியில நூலை வச்சுக்கிட்டு, அவ அங்கேயே உக்காந்துட்டா.

அடுத்தவன் உழைப்பைத் திருடுனவன் அழிஞ்சான், பாடுபட்டவ விதை ஊருக்கெல்லாம் விளைஞ்சுச்சு. கதையும் ஆச்சு, என் கண்ணும் நனைஞ்சாச்சு.