நாச்சிமுத்து வீட்டுத் துப்பாக்கி

தென்னந்தோப்பு ஒன்றின் நடுவே ஒரு வீடு இருந்தது. அதில் நாச்சிமுத்துவும் அவர் மனைவி மரகதமும் இருந்தார்கள். அவர்களைக் காக்க வாசலில் ஒரு நாயும் கதவில் ஒரு தாழ்ப்பாளும் இருந்தன. கூப்பிடு தூரத்தில் ரங்கசாமியின் வீடு.

ஒருநாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். அங்கிருந்த வயதான தம்பதியை இரும்புக்கம்பியால் அடித்துப் போட்டுவிட்டு நகைகளோடு போனார்கள். அந்தப் பெரியவரை மருத்துவமனையில் போய்ப் பார்த்துவிட்டு வந்த நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. லைசென்ஸுக்கு அலைந்தார். சில மாதங்களில் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

"இது எதுக்குங்க மாமா நமக்கு?" என்றாள் மரகதம்.

"அவங்க கையில என்ன இருந்துச்சு புள்ள? ஒண்ணுமில்ல. அதான் அடி வாங்குனாங்க."

பீரோவுக்கு மேலே ஏறி உட்கார்ந்த துப்பாக்கி, நாயையும் தாழ்ப்பாளையும் பார்த்து, "இனி நீங்கள் இரண்டு பேரும் ஓய்வெடுக்கலாம்" என்றது.

"நான் யார் வந்தாலும் மோந்து பார்த்துத் தெரிந்துகொள்வேன்" என்றது நாய். "நீ எப்படித் தெரிந்துகொள்வாய்?"

"தெரிந்துகொள்வது என் வேலையில்லை. என்னைப் பிடித்திருக்கும் கை எங்கே காட்டுகிறதோ அங்கே போவேன்."

"அந்தக் கை நடுங்குகிறதே" என்றது தாழ்ப்பாள்.

துப்பாக்கி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம். வாழைகளுக்கு நடுவே சரசரப்புக் கேட்டது. நாய் குரைத்தது. வாலை ஆட்டிக்கொண்டுதான் குரைத்தது. ஆனால் உள்ளே இருந்தவருக்குக் குரைப்பு மட்டும்தான் கேட்டது. நாச்சிமுத்து ஜன்னல் வழியே சுட்டார்.

ஒரு வாழை முறிந்து சாய்ந்தது. அதன் பின்னால் ரங்கசாமி சேற்றில் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டு மாடு கன்று போட்டிருந்தது, சீம்பால் கொண்டுவந்தான். பால் இருந்த தூக்குப்போசி கவிழ்ந்து கிடந்தது.

"அண்ணா... நானுங்க" என்றான்.

ரங்கசாமி திட்டவில்லை. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "வரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்ப வரவில்லை.

செய்தி பரவியது. தவிடு கொண்டுவருபவர் மூட்டையை ரோட்டிலேயே இறக்கிவிட்டு ஹாரன் அடித்தார். கறவைக்காரர் மரகதத்தை மாட்டோடு வேலி வரைக்கும் வரச் சொன்னார்.

"பார்த்தீர்களா? ஒருத்தரும் கிட்டே வருவதில்லை" என்றது துப்பாக்கி பெருமையாக.

"ஆமாம், ஒருத்தரும் வருவதில்லை" என்றது நாய்.

பிறகு ஒரு காலையில், விழுந்த மட்டையை இழுத்துப்போடப் போன மரகதம் வீறிட்டு அலறினாள். நாச்சிமுத்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினார். அங்கே திருடன் இல்லை. அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி விரியன் ஒன்று மட்டைக் குவியலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"ரங்கா! ரங்கா!" என்று கத்தினார்.

ரங்கசாமியும் அவன் மனைவியும் ஓடிவந்தார்கள். வேலிப்படலில் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: தரையில் ஒரு பெண், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு ஆண்.

"அய்யோ! அக்காளை என்னங்க பண்ணிப்போட்டீங்க?" என்று அலறினாள் ரங்கசாமியின் மனைவி.

"நான் ஒண்ணும் பண்ணலை! பாம்பு! வாங்க!"

கையை வீசி அழைத்தார். கையோடு துப்பாக்கியும் அவர்கள் பக்கம் திரும்பியது. இருவரும் பின்வாங்கினார்கள்.

மரகதத்தின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. "மாமா, அதைக் கீழ வைங்க. அதைப் பார்த்துத்தான் நிக்கறாங்க."

"வைக்காதே" என்றது துப்பாக்கி. "நான் இல்லாமல் நீ வெறும் கிழவன்."

அவர் விரல்கள் இறுகிப் போயிருந்தன. மரகதத்தின் பாதம் வீங்குவதைப் பார்த்தார். இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். துப்பாக்கி சேற்றில் விழுந்தது.

அடுத்த நொடி ரங்கசாமி படலைத் தாண்டி வந்தான். மரகதத்தைத் தூக்கித் தன் டெம்போவில் ஏற்றினான். அது நேராக மருத்துவமனை வாசலில்தான் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர். மரகதம் பிழைத்தாள்.

அவள் வீடு திரும்பிய அன்றே நாச்சிமுத்து துப்பாக்கியைத் துணியில் சுற்றினார். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் புறப்பட்டார். துப்பாக்கி கடைசியாகத் தாழ்ப்பாளிடம் கேட்டது: "நாளைக்கே அந்தத் திருடர்கள் வந்தால் உன்னால் என்ன செய்ய முடியும்?"

"தெரியவில்லை" என்றது தாழ்ப்பாள். "கொஞ்ச நேரம் தாங்குவேன்."

இரண்டொரு வாரம் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில், யாரோ கதவைத் தட்டினார்கள். நாய் குரைத்தது, இந்தமுறை வாலை ஆட்டவில்லை. நாச்சிமுத்துவின் கை பீரோவின் மேலே போய், வெறும் தகரத்தைத் தடவிவிட்டு இறங்கியது.

"யாருங்க அது?" என்றார்.

"ரோட்டுல வண்டி பஞ்சருங்க. கொஞ்சம் டார்ச் லைட் கிடைக்குங்களா?"

தெரியாத குரல். மரகதம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் பின்பக்க ஜன்னலைத் திறந்து, "ரங்கா, கொஞ்சம் இங்க வா!" என்று கூப்பிட்டார். அந்த வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. "இதோ வரனுங்கண்ணா" என்ற குரல் நெருங்கி வந்தது.

நாச்சிமுத்து பயந்துகொண்டேதான் கதவைத் திறந்தார்.