பாறைத் திருப்பத்தில் குரல் கொடுக்காத பன்றி

ஒரு காட்டில், பிள்ளைகளே, ஆற்றுக்குப் போகும் அகலமான பாதை ஒன்று இருந்தது. யானை முதல் அணில் வரை எல்லோருக்கும் அதுதான் வழி. நடுவில் ஒரு பெரிய பாறை. அங்கே பாதை திரும்பும். அந்தப் பக்கம் வருவது யாரென்று தெரியாது. அதனால் பாறைக்கு முன்னால் நின்று, குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது அந்தக் காட்டின் வழக்கம். யானையே நின்று பிளிறிவிட்டுத்தான் போகும்.

ஒரு காட்டுப்பன்றிக்கு மட்டும் அது ஆகாது. நிற்பது கௌரவக் குறைச்சலாம்! தலையைக் குனிந்துகொண்டு புழுதி பறக்க ஓடும். அப்படி என்ன அவசரம் என்றால், ஒன்றுமில்லை. ஆற்றங்கரைச் சேற்றில் போய்ப் படுத்துப் புரளத்தான் அந்த ஓட்டம்.

ஒருநாள் காலை, செம்பி என்ற காட்டுக்கோழி கரையான் புற்றில் இரை தேடக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது. பாறை ஓரத்தில் முறையாகக் குரல் கொடுத்துவிட்டுத்தான் பாதையில் இறங்கியது. அந்த நேரம் பார்த்துப் பன்றி பாய்ந்து வந்தது. கடைக்குட்டிக் குஞ்சு மிரண்டுபோய் நடுப்பாதையில் நின்றுவிட்டது. செம்பி விழுந்தடித்து ஓடி அதைப் புதருக்குள் தள்ளியது. செம்பியின் வால் இறகுகள் குளம்பில் சிக்கிப் பிய்ந்துபோயின. கொஞ்சம் தாமதித்திருந்தால் குஞ்சு கூழாகியிருக்கும்.

பன்றி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செம்பிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காட்டில் நியாயம் சொல்லும் காட்டெருமையிடம் போய் முறையிட்டது. காட்டெருமையோ, அதுதான் ஒன்றும் ஆகவில்லையே, அவன் வேகமாகப் போகிற ஆள், நீதான் பிள்ளைகளை அடக்கி வைக்க வேண்டும் என்று செம்பிக்கே புத்தி சொன்னது. நாளைக்கும் அந்தப் பாதையைக் கடந்தால்தானே குஞ்சுகளுக்கு வயிறு நிறையும்? அதை யார் யோசித்தார்கள்!

செம்பி சேற்றில் கிடந்த பன்றியிடமே போய்க் கேட்டது. அதற்கு என்ன திமிர் பாருங்கள். "இத்தனை நாளில் நான் யார்மேலாவது மோதியிருக்கிறேனா? என் ஓட்டம் அவ்வளவு கச்சிதம்" என்றது.

செம்பி நேரே முள்ளம்பன்றியின் வளைக்குப் போய் நடந்ததைச் சொன்னது. முள்ளம்பன்றி மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் புலியே எதிரில் வந்தாலும் ஒதுங்காது. இரை தேடிவிட்டு விடியலில் வேறு வழியாகத் திரும்பும் அது, நாளைக்குப் பாறை வழியாகவே வருகிறேன் என்று ஒப்புக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் முள்ளம்பன்றி பாறைக்கு முன்னால் நின்றது. வழக்கப்படி முட்களைக் கலகலவென்று உலுக்கிக் குரல் கொடுத்தது. பதில் வராததால் பாறையைச் சுற்றித் திரும்பி நடந்தது. எதிரே புழுதி எழுந்தது. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு அப்படியே நின்றது.

பன்றி குனிந்த தலையோடு வந்து மோதியது. மூக்கெல்லாம் முள். அலறல் கேட்டுக் காடே கூடிவிட்டது.

"ஏன் ஒதுங்கவில்லை?" என்று பன்றி கத்தியது.

"நான் குரல் கொடுத்தேன். நீ கொடுத்தாயா?" என்றது முள்ளம்பன்றி.

செம்பி முன்னால் வந்தது. "இத்தனை நாளும் நாங்கள் பதறிப் பதறி ஒதுங்கினோம். அதைத்தான் நீ உன் கச்சிதம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்" என்றது. காட்டெருமை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

அன்று மாலை பன்றி, வீங்கிய மூக்கோடு ஆற்றிலிருந்து நடந்து வந்தது. பாறைக்கு முன்னால் நின்று மெல்ல உறுமியது. அந்தப் பக்கத்திலிருந்து செம்பியின் குரல் கேட்டது. கடைக்குட்டிக் குஞ்சும் கடந்து முடிக்கும்வரை பன்றி அங்கேயே நின்றது.

நீதி: பிறர் ஒதுங்கி வழிவிடுவதைத் தன் திறமை என்று நினைத்துப் பறக்கிறவன், ஒதுங்காதவர்மேல் மோதி ஒருநாள் அடிபடுவான்.