பரீட்சைக்கு எது வரும்?

கோவில்பட்டியில் கணினி மையம் நடத்தி வந்த ஜெனிட்டாவுக்கு வயது இருபத்தைந்துதான். அவளிடம் படிக்க வந்த சந்தனமாரிக்கு நாற்பத்து மூன்று. மூத்தவள் ‘மிஸ்’ என்பாள். இளையவள் ‘அக்கா’ என்பாள். இருவருக்குமே அது உறுத்தவில்லை.

தாலுகா அலுவலகத்தில் அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களை யார் என்ன என்று விசாரித்து உள்ளே அனுப்புவது சந்தனமாரியின் வேலை. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களே எழுத்தர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்கும் இவள்தான் கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் தபால் வழியில் டிப்ளமோ சேர்ந்தாள்.

எல்லாத் தாள்களும் முடிந்துவிட்டன. கணினி நிரல் எழுதும் செய்முறைத் தேர்வு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. அடுத்த ஆண்டு பாடத்திட்டம் மாறுகிறது. இந்த முறையும் தவறினால் அத்தனை தாள்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். 

வந்த முதல் நாளே கேட்டாள்.

“மிஸ், பரீட்சைக்கு எது வரும்? முக்கியமானதை மட்டும் குறிச்சுக் குடுங்க. மனப்பாடம் பண்ணிருவேன்.”

“போன தடவை தெரியாததா வந்துச்சு?”

“தெரிஞ்சதுதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

“அப்புறம்?”

“அடிச்சு முடிச்சு ஓட விட்டேன். கீழ சிவப்பா என்னமோ வந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லருந்து அடிச்சேன். மறுபடியும் சிவப்பு. திரும்ப அழிச்சேன். நேரம் முடிஞ்சிருச்சு.”

“சிவப்பா என்ன எழுதியிருந்துச்சு?”

“அதை யாரு மிஸ் படிச்சா? பார்த்ததுமே அழிக்கத்தான் தோணுச்சு.”

 ஜெனிட்டா ஐந்து பாடத்து மார்க்கைக் கூட்டுகிற நிரலை அடிக்கச் சொன்னாள்.

சந்தனமாரி வாய்க்குள் ஒப்பித்தபடியே அடித்தாள். ஒரு பிசகும் இல்லை. விடை வந்ததும் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஜெனிட்டா எட்டி, மேலே இருந்த ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். என்ன பிழை என்று சொல்லும் சிவப்பு எழுத்து கீழே வந்தது.

“என்ன மிஸ், நல்லா ஓடுனதைக் கெடுத்துட்டீங்களே!”

சந்தனமாரிக்கு உண்மையாகவே கோபம். அவள் கை, பழக்க தோஷத்தில், எல்லாவற்றையும் அழிக்கப் போயிற்று. ஜெனிட்டா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். தூசி படாமல் கணினிக்குப் போர்த்தும் துணியை எடுத்து, நிரல் முழுவதும் மறையும்படி திரையின் மேல்பாதியில் தொங்கவிட்டாள். கீழே சிவப்பு எழுத்து மட்டும் தெரிந்தது.

“படிங்கக்கா.”

“இங்கிலீஷ்ல இருக்கு.”

“நீங்க அடிச்சதும் இங்கிலீஷ்தான?”

சந்தனமாரிக்குச் சுருக்கென்றது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். நடுவில் நின்றாள். திரும்பவும் படித்தாள்.

“ஒம்பதாவது வரியில டோட்டல்னு ஒருத்தர் வர்றாரு. அவரு யாருன்னு முன்னாடி சொல்லவே இல்லியேன்னு... கேக்குது மிஸ்.”

“ம்.”

“யாருன்னு சொல்லாம வந்தா நானும்தான் கேப்பேன். அதுவும் மூஞ்சிய கடுகடுன்னு வச்சுக்கிட்டுத்தான் கேப்பேன்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். துணியைத் தூக்கி, டோட்டல் யாரென்று மேலே ஒரு வரி சேர்த்தாள். ஓடியது.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். சந்தனமாரி அடிப்பாள், மிஸ் எதையாவது அழிப்பாள், துணி தொங்கும். சில நாள் சிவப்பு கேட்டது என்னவென்றே விளங்காது. ஒரு நாள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“மத்த மிஸ்ஸெல்லாம் எது வரும்னு குறிச்சுக் குடுக்காங்க. நீங்க இருக்கறதை அழிக்கீங்க. என்னைப் பார்த்தா பாவமா இல்லியா?”

“இருக்குக்கா. டீ குடிக்கீங்களா?”

டீ வாங்கப் போன ஜெனிட்டா நிதானமாகத்தான் திரும்பி வந்தாள். அதற்குள் சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதி வரி வாசித்திருந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் அவள் அடித்த நிரல் எடுத்த எடுப்பிலேயே விடை சொன்னது. ஜெனிட்டா கிட்டேயே வரவில்லை. சந்தனமாரி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு தானே ஒரு வரியை அழித்தாள். ஓட்டினாள். துணி இல்லாமலே குனிந்து, கீழே வந்ததை வாசித்தாள்.

புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே மிஸ். நாளைக்கு எதுதான் வரும்?”

ஜெனிட்டா துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“சிவப்பு வரும்க்கா.”